விழித்திரையில் வடுவும் கட்டியும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையிலே பெரும்பாலும் சமயமும் இலக்கியமுமே பேசப்பட்டு வருகின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வைத்தியம் சார்ந்தது. அதிலும் ஒரு சிறு மூலையைச் சார்ந்தது. கைக்குழந்தை ஒன்றின் கண்மணிக்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரிகிறது; அது என்ன என்பதே வினா. இவ்வினாவுக்கு இரண்டு விதமாகப் பிழையான விடை சொல்லலாம். புற்று அல்லாத ஒன்றைப் புற்று என்று கொண்டால், எடுக்க வேண்டாத கண் எடுக்கப்பட்டுவிடும். புற்றை வேறொன்று என்று கொண்டால், கண்ணோடு உயிரும் போய்விடும். இவ்விரண்டுக்கும் இடையிலே நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். அவர் எவ்வாறு அதனைச் செய்கிறார், அதிலே பெற்றோர் செய்யக்கூடியது யாது என்பவற்றை இயன்ற அளவு எளிய தமிழிற் சொல்ல முயல்வோம்.

முதலில் நம் வீடுகளில் வழங்கும் ஒரு சொல்லை ஒதுக்கிவிட வேண்டும். கண்ணில் வெள்ளை கண்டால் "பூ விழுந்திருக்கிறது" என்பது நம்மவர் பேச்சு. பூ என்பது கருவிழியின் மேற்பரப்பில், புண் ஆறிய இடத்தில் நிற்கும் வெண்மை. வெளிச்சத்திலே பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் அது மேலே கிடப்பது தெரியும். நாம் பேசப்போவது அதுவன்று. கண்மணி என்னும் கறுத்த வட்டத்துக்கு உள்ளே, ஆழத்தில் இருந்து, சில கோணங்களில் மாத்திரம் பூனையின் கண் போலப் பளிச்சிடும் வெண்மை அது. பூவுக்கென்று முலைப்பாலும் பச்சிலைச் சாறும் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்களிலேதான் உள்ளே இருப்பது வளர்ந்துவிடுகிறது. மாறுகண் வந்தால் யோகம் என்பாரும் உளர். திடீரென ஒரு பிள்ளைக்கு மாறுகண் தோன்றுவதும் இதே நோயின் முதற் குறியாக இருக்கலாம் என்பதை அவர்கள் அறியார்.

இனி, விழித்திரை என்பது யாது? கண்ணின் உட்சுவரிலே ஒட்டியிருக்கும், அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத ஒரு மெல்லிய படலம். வெளிச்சத்தை நரம்புச் செய்தியாக மாற்றுவது அதுவே. கரு வளரும்போது மூளையிலிருந்தே புறப்பட்டு வந்ததாகையால் அதை மூளையின் ஒரு வெளிமனை என்று சொல்லலாம். அதிலே இரண்டு வகைக் கலங்கள் உள்ளன. பார்வை வேலையைச் செய்யும் நரம்புக்கலங்கள் ஒரு வகை. அவற்றைத் தாங்கி, ஊட்டி, இடைவெளிகளை நிரப்பி நிற்பவை மற்றொரு வகை. இந்தத் தாங்கு கலங்களுக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர் கிளையா. கிரேக்க மொழியிலே பசை என்பது பொருள். நாமும் பசைக்கலம் என்றே சொல்லிக்கொண்டு போவோம். விழித்திரையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தூண் போல ஊடுருவி நிற்கும் பசைக்கலங்களை 1851இல் ஹைன்றிச் முல்லர் என்ற ஜெர்மானியர் விவரித்தார். இன்றும் அவை முல்லர் கலங்களே.

நரம்புக்கலம் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பசைக்கலம் அப்படியன்று. அடிபட்டாலும், அழற்சி கண்டாலும், இரத்தக்குழாய் அடைத்துப்போனாலும் அது விழித்தெழுந்து பருத்து, நார் விட்டு, பெருகி, வெற்றிடத்தை மூடுகிறது. ஹந்தானைப் பக்கம் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேயிலை பட்டுப்போன சரிவை மானாப்புல் வந்து மூடிவிடுகிறதல்லவா? புல் அந்த மலையை அழிக்க வந்ததன்று. அழிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. புல் அதன் அடையாளம். தோலிலே புண் ஆறி வடு நிற்பது போல, விழித்திரையிலே பசைக்கலம் பெருகி நிற்பதும் ஒருவகை வடுவே. ஆனால் சில கண்களில் இவ்வடு அளவுமீறித் தடித்து, உருண்டு, இரத்தக்குழாய்களும் சேர்ந்து, பார்ப்பவருக்குக் கட்டி போலவே தோன்றிவிடுகிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

மெய்யான கட்டியின் கதை வேறு. பிள்ளைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட்றொப் 1809இல் தனி நோயாக எடுத்துக்காட்டி, காலத்தோடு கண்ணை அகற்றினால் உயிர் தப்பலாம் என்று வாதித்தார். மயக்கமருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது! அரை நூற்றாண்டின் பின் வந்தவர் வேர்ச்சோ. நோயியல் என்னும் துறைக்கே தந்தை போன்றவர். அக்கட்டி பசைக்கலத்திலிருந்து பிறப்பது என்று கருதிய அவர் 1864இல் அதற்குக் கிளையோமா, அதாவது பசைக்கலக் கட்டி, என்று பெயரிட்டார். பெரியவர் இட்ட பெயராயிற்றே, நிலைத்துவிட்டது. பின்னர் பிளெக்ஸ்னர் 1891இலும் வின்ரர்ஸ்ரைனர் 1897இலும், அக்கட்டியின் கலங்கள் சிறு பூவிதழ் போல வட்டமாகக் கூடி நிற்பதைக் கண்டு, இவை பார்வை நரம்புக்கலமாக முயன்று முற்றுப்பெறாதவை என்று காட்டினர். 1926இல்தான், வேர்ஹோவ் என்பாரின் யோசனைப்படி, அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கம் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற பெயரை ஏற்றது.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். பசைக்கலக் கட்டி என்று அறுபது ஆண்டுகளாக அழைக்கப்பட்டது பசைக்கலத்திலிருந்து வந்ததன்று. உண்மையாகவே பசைக்கலம் பெருகி நிற்பதோ பெரும்பாலும் கட்டியே அன்று. அதைப் போலத் தோன்றி மயக்கிய எல்லாவற்றுக்கும் வைத்தியர்கள் பொய்க் கிளையோமா என்று ஒரு பொதுப்பெயரைச் சூட்டி ஒரே பெட்டியில் அடைத்தனர். ஒரு நோய்க்குப் 'பொய்' என்று பெயரிட்டுவிட்டால் அதன் மெய்யைத் தேட ஒருவருக்கும் அவசரம் இருப்பதில்லை என்பது நமது எண்ணம்.

அப்பெட்டியைத் திறந்து பார்த்தவர் ஒரு பெண்மணி. வாஷிங்டன் நகரிலே படைத்துறை நோயியல் நிலையத்தில் பணியாற்றிய ஹெலனோர் வைல்டர். இழையங்களுக்குச் சாயமூட்டுவதில் வல்லவர். இன்றும் ஒரு சாயமுறை அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நிலையத்தில் முன்னர் எடுக்கப்பட்ட கண்கள் பல சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 46 கண்களை அவர் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளின் கண்கள், புற்று என்ற ஐயத்தால் அகற்றப்பட்டவை அவற்றிற் பல. ஒவ்வொன்றையும் தொடர்ச்சியான மெல்லிய சீவல்களாக்கி, ஒன்றையும் விடாமற் பார்த்தார். 24 கண்களில் அவர் கண்டது புற்றன்று. ஒரு சிறு புழுவின் குடம்பி, அல்லது அது செத்துக் கிடந்த தடம். அதைச் சுற்றி அழற்சியும் வடுவும் திரண்டு வெள்ளை உருண்டையாக நின்றன. 1950இல் இதை அவர் வெளியிட்டார். அந்தப் புழு நாய்களின் குடலில் வாழும் டொக்ஸோகாரா என்பது 1956இல், நிக்கல்ஸ் என்பவர் அதே சீவல்களைத் திரும்ப ஆராய்ந்தபோது தெளிவாயிற்று. சாதாரணமாக நாலைந்து சீவலோடு நின்றுவிடும் வேலையை ஒருவர் பொறுமையாக முழுவதும் செய்தமையால் வந்த பயன் இது. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது பயன்படவில்லை.

நாய்ப்புழு என்றதும் அமெரிக்கக் கதை என்று இருந்துவிட வேண்டாம். கண்டி நகரின் ஒழுங்கைகளிலும், கட்டுகஸ்தோட்டைச் சந்தையிலும், தோட்டத்து லயங்களின் முன்றிலிலும் நாய்க்குக் குறைவில்லை. நமக்கு அண்டையிலுள்ள பேராதனை மருத்துவ பீடத்தின் ஒட்டுண்ணியியல் பகுதிக்கு, கண்ணில் இந்நோய் என ஐயுறப்பட்டவர்களின் இரத்தம் நாட்டின் பல ஆஸ்பத்திரிகளிலிருந்தும் நெடுங்காலமாகச் சோதனைக்கு வந்திருக்கிறது. அச்சோதனைகளின் தொகுப்பு 2017இல் வெளிவந்தது. ஐயுறப்பட்டவர்களுள் ஒரு பகுதியினரிடமே புழுவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன, எல்லோரிடமும் அல்ல. கண்ணைப் பார்த்து எழும் ஐயம் மாத்திரம் தீர்ப்பாகாது என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று அது. இன்னொரு விடயம்: நாய்க்குட்டியைத் தொட்டவுடன் தொற்றும் நோய் இதுவன்று. மலத்தோடு விழும் முட்டை சில வாரம் மண்ணிற் கிடந்தே வீரியம் பெறும். மண் தின்னும் பிள்ளை, கை கழுவாத பிள்ளை, இவர்களுக்கே ஆபத்து. குட்டிகளுக்கோ தாயின் வயிற்றிலேயே புழு வந்துவிடுகிறது. ஆகவே பிறந்து இரண்டு வாரத்திலிருந்தே பூச்சிமருந்து கொடுக்கவேண்டும்.

புற்றைப் போல நடிப்பவை வேறும் உள. 1908இல் ஜோர்ஜ் கோட்ஸ் விவரித்த நோயிலே விழித்திரையின் இரத்தக்குழாய்கள் கசிந்து மஞ்சள் நிறக் கொழுப்பு தேங்கும். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, ஒரு கண்ணில். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் நாரும் குழாயும் படர்ந்து இழுப்பது இன்னொன்று. கருவிலே மறைந்துபோக வேண்டிய குழாய் மறையாமல் வில்லைக்குப் பின்னே நின்றுவிடுவதும் உண்டு. பிறவிக் கண்புரையைச் சொல்லவே வேண்டியதில்லை.

பெரியவர்களிடத்தில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. சிறு வயதிற் கண்ணில் அடிபட்டுப் பார்வை போய், அந்தக் கண் சுருங்கிக் கிடக்கும். இருபது முப்பது ஆண்டு கழித்து அதில் நோவு என்று எடுத்துப் பார்த்தால், விழித்திரை இருந்த இடமெல்லாம் பசைக்கலத் திரளாக இருக்கும். யானொவ் என்பவரும் கூட்டாளிகளும் 1971இல் இதைப் பெருந்திரட் பசைக்கலப் பெருக்கம் எனத் தொகுத்து எழுதினர். பார்வை இருக்கும் கண்ணிலும், கீழ்ப்புற ஓரத்தில், நாற்பது ஐம்பது வயதினருக்கு, மஞ்சளும் சிவப்பும் கலந்த முடிச்சு ஒன்று தோன்றி நீர் கசிவதுண்டு. 1995இல் ஷீல்ட்ஸ் குழுவினர் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரைத் தொகுத்து அதற்குக் 'குழாய் பெருகும் கட்டி' என்று பொருள்படும் பெயரை நிலைநிறுத்தினர். பொஸ்டன் நகரத்து ஜேக்கபீக் குழுவினர் 2013இலும் 2016இலும் அவ்வகை முடிச்சுகளை நுணுகி ஆராய்ந்து, அவற்றில் முதன்மையானவை குழாய்களல்ல, பசைக்கலங்களே. அதுவும் எதிர்வினையாகப் பெருகியவை என்று காட்டினர். எனவே சிறு முடிச்சையும் பெருந்திரளையும் ஒரே குடும்பமாக வைத்து நோக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. வேர்ச்சோ இட்ட பெயரை மாற்ற அறுபது ஆண்டு சென்றது. இப்பெயர் மாற எத்தனை ஆண்டு செல்லுமோ? கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் நோயாளி மனம் என்ன பாடுபடும் என்பதைப் பெயரிடுவோர் எண்ணிப் பார்ப்பது நன்று. ஏனெனில் இம்முடிச்சைக் கருநிறப் புற்று என்று மயங்கிக் கண்ணை எடுத்ததும் உண்டு. குளிரூட்டிச் சுடுவதாலோ லேசர் ஒளியாலோ அடக்கக்கூடியது அது.

இனிப் பிரித்தறியும் வழிக்கு வருவோம். முதற் கருவி வரலாறு. எத்தனை வயது? கண்புற்று பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளே, அதிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலே தோன்றும். நாய்ப்புழு நோய் சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் மிகுதி. அடிபட்டதுண்டா? நிறைமாதமா, குறைமாதமா? வீட்டில் குட்டி நாய் உண்டா? குடும்பத்தில் வேறு எவருக்கேனும் சிறுவயதிற் கண் எடுக்கப்பட்டதா? அடுத்தது பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுத்து, கண்மணியை விரியச்செய்து, இரு கண்களையும் முழுவதும் பார்ப்பது. ஒரு கண்ணில் குறை என்று கொண்டுவந்த பிள்ளையின் நல்ல கண்ணிலே சிறு புற்று இருந்து அகப்படுவதுண்டு. பின்னர் ஒலியலைப் படம். புற்றினுள்ளே சுண்ணாம்புத் துணுக்குகள் படிந்து பளிச்சிடுவது பெருங்குறி. ஆனால் நெடுநாட் சுருங்கிய கண்ணிலும் சுண்ணாம்பும், ஏன், எலும்புமே உண்டாகும். ஆகவே ஒரு குறியை வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதலாகாது.

ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால் என்ன என்று கேட்பீர்கள். மற்ற உறுப்புகளில் அதுவே வழி. பிள்ளையின் கண்ணில் புற்று என்ற ஐயம் இருக்கும்போது மாத்திரம் அது கூடாது. கண்ணின் வெள்ளைச் சுவர் புற்றுக்கு ஒரு மதில். ஊசி சென்ற துளை வழியாகக் கலங்கள் வெளியேறிவிட்டால், கண்ணுக்குள் அடங்கியிருந்தது உடம்புக்குப் பரவும். ஆகவேதான் தொடாமல், பார்த்தும் கேட்டும் காத்திருந்தும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. காத்திருத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. வடு மெல்ல மாறும், அல்லது மாறாது நிற்கும். புற்று வாரக்கணக்கில் வளரும்.

எடுக்கப்பட்ட கண் ஆய்வுகூடத்துக்கு வந்தபின் நோயியலாளர் முறை. பூதக்கண்ணாடியில் வடுவின் கலங்கள் நீண்டு மெலிந்து, இளஞ்சிவப்பு நார்களோடு கற்றை கற்றையாக ஓடும். இரத்தக்குழாய்களின் சுவர் தடித்திருக்கும். பிரிந்து பெருகும் கலம் அரிது. புற்றின் கலங்களோ சிறியவை, நெருங்கியவை, கருநீலமாகச் சாயமேறுபவை. பிரிவன மிகப் பல. செத்து உதிர்ந்த திட்டுகளும் சுண்ணாம்பும் நடுநடுவே. சாயமூட்டும் கலை இன்று வளர்ந்துவிட்டது. பசைக்கலத்துக்கே உரிய ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதத்தைக் காட்டும் சாயம் வடுவிலே பிடிக்கும். நரம்புக்கல இனத்தைக் காட்டும் சினப்டோபிசின் புற்றிலே பிடிக்கும். கே.ஐ.-67 என்பது பெருக்கத்தின் வேகத்தை அளக்கும். வடுவிற் சொற்பம், புற்றில் மிகுதி.

இவ்வளவு தெளிவாயிருந்தால் வழக்கே இல்லையே! உண்மையில் புற்று வளரும் இடத்தைச் சுற்றிலும், அதன் நடுவிலும்கூட, அயலிலுள்ள பசைக்கலங்கள் எதிர்வினையாகப் பெருகி நிற்கும். அந்த ஓரத்தை மாத்திரம் சீவிப் பார்த்தவர் வடு என்று எழுதிவிடக்கூடும். இன்னும் ஒன்று: சில ரெட்டினோபிளாஸ்டோமாக்கள் தாமாகவே வெந்து அடங்கிக் கண்ணைச் சுருங்கச் செய்வதுண்டு. ஆதலால் சுருங்கிய கண் என்றாலே பழைய காயம் என்று தள்ளிவிட முடியாது. பெரியவர்களின் குருட்டுக் கண்ணிலும், உள்ளே பார்க்க முடியாத காரணத்தால், கருநிறப் புற்று ஒளிந்திருந்து பின்னர் தெரியவந்த வழக்குகள் உண்டு. எடுக்கப்படும் எந்தக் கண்ணும், எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், ஆய்வுகூடத்துக்குப் போயே ஆகவேண்டும் என்ற விதி இதனால் வந்தது. பசைக்கலத்திலிருந்தே பிறக்கும் மெய்க்கட்டியும் அருமையாக உண்டு. மூளையிலும் தோலிலும் குறிகாட்டும் ஒரு பரம்பரை நோயோடு வருவது அது, பெரும்பாலும் சாதுவானது.

தீர்ப்பு சரியாயிருப்பதால் யாருக்கு இலாபம்? அந்தப் பிள்ளைக்கு மட்டுமன்று. 1971இல் நட்சன் என்பவர் கண்புற்று இரு மாற்றங்களால் உண்டாவது என்று கணித்தார்; 1986இல் அந்த மரபணு கைப்பற்றப்பட்டது. நோயாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரிடம் முதல் மாற்றம் பிறவியிலேயே உள்ளது. அவர்களின் தம்பி தங்கையரையும், பிற்காலத்தில் அவர்கள் பெறும் பிள்ளைகளையும் பிறந்த நாள் தொட்டுச் சோதிக்க வேண்டும். வடுவைப் புற்று என்று எழுதிவிட்டால், ஒரு குடும்பமே காரணமின்றி அஞ்சும். நம் சமூகத்திலோ, கலியாணப் பேச்சு வரும்போது "அந்த வீட்டில் கண்புற்று" என்ற சொல் பெண்ணுக்கு முன்னே போய் நிற்கும். புற்றை வடு என்று எழுதினாலோ, அடுத்த பிள்ளையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

பதினையாயிரம் முதல் இருபதினாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவிலே வரும் அரிய நோய் இது. வசதி மிக்க நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைக்கின்றனர். பலருக்குக் கண்ணும் காக்கப்படுகிறது. பிந்தி வருவதே இறப்புக்குக் காரணம். தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ வேலைக்குப் போகும் தாய், பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, நாட்சம்பளத்தை இழந்து கண்டிக்கு வருவதென்பது சிறு காரியமன்று. ஒருமுறை வந்தபோது "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லப்பட்டால், மறுமுறை அவள் வருவது நிச்சயமில்லை. ஆகவே மறுபடி வரவேண்டிய திகதியைத் தாளில் எழுதிக் கேட்டு வாங்கவேண்டும்.

வரும்போது கையோடு கொண்டுவர வேண்டியவை சில. பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. பிறந்த நிறையும் மாதமும் அதில் உண்டு, பார்வைக்கென்று தனி வினாக்களும் உண்டு. அவ்வினாக்களுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் முன்னிலையிலே விடை எழுதுவது நல்லது. அடுத்தது புகைப்படங்கள். கைத்தொலைபேசியில் மின்வெளிச்சம் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அப்படத்தை அழிக்காதீர்கள். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பிய வேளையில் நல்ல கண்ணும் வெள்ளை காட்டுவதுண்டு; ஆயினும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். பழைய படங்களை வரிசையாகப் பார்த்தால், எந்த மாதத்திலிருந்து வெள்ளை தெரிகிறது, வளர்ந்ததா, நின்றதா என்பதுகூடத் துலங்கும். கண்டி தேசிய வைத்தியசாலையின் கண் பகுதியில் காட்டியபின், புற்று என்ற ஐயம் வலுத்தால் கொழும்புக்கோ மகரகமைக்கோ போகும்படி சொல்லக்கூடும். அங்கே போகும்போது மூத்த பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கண்களையும் பார்க்கவேண்டியிருக்கும்.

கண் எடுக்கப்பட்டதாயின், ஆய்வுகூட அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்பிள்ளை இருபத்தைந்து ஆண்டு கழித்துத் தாயாகும்போது, அவள் குழந்தையின் கண்ணைப் பார்க்கும் வைத்தியர் முதலிற் கேட்பது அந்தத் தாளையே.